தள்ளித் தள்ளி வைத்தவர்

கள்ளக்குறிச்சியில் ஞாயிறுதோறும் நாங்கள் ஆளுக்கொரு கதாபாத்திரமாகி ஆடிய பகடைக் கதை விளையாட்டை நடத்தியவர் ஒரு தீயணைப்பு வீரர். ஒல்லியானவர், வலது புருவத்தில் முடியே கிடையாது. கதையில் எங்களோடு மோதும் அரக்கர்களுக்குப் பதிலாகப் புளியங்கொட்டைகளைக் கட்டம் போட்ட தாளில் எப்போதும் தள்ளித் தள்ளியே வைப்பார். விளையாட்டில் நான் மந்திரவாதி. ஒரு வட்டத்துக்குள் நிற்பவர்களையெல்லாம் எரிக்கும் என் மந்திரத்தில் ஓரிருவர்தான் சிக்குவார்கள்.

“கும்பலா வெச்சா இன்னாண்ணே?” என்று ஒருநாள் கேட்டேன்.

“ஒரே அடியில சண்டை முடிஞ்சிடும்” என்றவர், ஒரு கொட்டையைத் தள்ளி வைத்தபடி சொன்னார்: “மலையில ஒரு வூடு எரிஞ்சிது. அஞ்சு பேரும் ஒரே மூலையில கட்டிப் புடிச்சிக்கினு கெடந்தாங்க. தனித்தனியா ஓடியிருந்தா ஒருத்தராச்சும் பொழச்சிருப்பாங்க.”

எனக்கு ஆடக் கை வரவில்லை. அவரே பகடையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, “போடுப்பா, உன் முறைதான்” என்றார். அடுத்த கொட்டையையும் தள்ளியே வைத்தார். அதன் பிறகும் அவரால் எப்படி ஆட முடிந்தது என்று இன்றும் எனக்குப் புரியவில்லை.