பூட்டிய அறையில் ஈரச் சாந்து

சாந்துக்காக ஊறிய சுண்ணாம்பில் கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்ந்தால் ஒரு துவர்ப்பு மணம் வரும். அந்த மணம் பட்டால் இன்றும் கை வேலையை விட்டுவிடும். பழைய கட்டடங்களைப் பழுது பார்ப்பது என் தொழில், பேய் பிசாசென்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போகிற ஆள் நான், நீங்களும் எழுந்து போகலாம், ஆனால் நடந்தது இதுதான்.

எட்டயபுரத்தில் கடைத்தெருவை அகலப்படுத்தும் திட்டம். எது இருக்கலாம், எதை இடிக்கலாம் என்று நான் எழுதித் தர வேண்டும். ஞானம்மாள் தையல் கடை வைத்துக் குடியிருக்கும் பழைய மாடிவீட்டில், பின்னறைச் சுவரில் விரல் நுழையும் விரிசல், மாடிப்படிச் சுவரில் சின்னதாக இன்னொன்று. இடிக்கலாம் என்று மனதுக்குள் எழுதிவிட்டேன். சித்திரை வெயிலில் கரிசல் பாளமாக வெடிக்கும், மேலே நிற்கும் சுவரும் வெடிக்கும், மழை விழுந்தால் இரண்டும் சேர்ந்துகொள்ளும். கோவில்பட்டியில் பிறந்த எனக்கு அது தெரியாதா? அவசரம், மறந்தேன்.

முறைக்காக விரிசலின் குறுக்கே மூன்று கண்ணாடித் துண்டுகளை ஒட்டி, தேதி எழுதினேன். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும், வீடு போகும். யாரும் தொட்டுவிடக் கூடாதென்று, சந்துப் பக்கம் இருந்த அந்த அறையின் ஒரே கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துப் போனேன்.

பத்து நாள் கழித்து, பட்டப்பகலில் திறந்தேன். அந்த மணம். கண்ணாடி மூன்றும் முழுசாக, என் கையெழுத்தோடு இருந்தன. விரிசல் இல்லை. மேலிருந்து கீழ்வரை ஈரச் சாந்து. நடுக் கண்ணாடிக்கு உள்ளே, சாந்தில் அழுந்திய கட்டைவிரல் ரேகை.

"கொத்தனார் யாரையும் விட்டீங்களாம்மா?"

"நீங்க அனுப்புன ஆளுதான்னு நெனச்சேன். மத்தியானமானா உள்ள தட்டுத சத்தம் கேக்கும். சந்துல செம்புல தண்ணி வைப்பேன், காலியாத்தான் கெடக்கும்."

"ஆளப் பாத்தீங்களா?"

"பூட்டிச் சாவியவும் கொண்டு போயிட்டு, ஆளப் பாத்தீங்களான்னு எங்கிட்ட கேக்குதீங்களே. நல்லா இருக்கு அண்ணாச்சி."

பிறகு குரல் இறங்கியது. "வீடு நிக்குமா?"

செப்பனிடலாம், இடிக்க வேண்டாம் என்று அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். காரணம் கேட்ட இடத்தில் 'கோடை விரிசல்' என்று போட்டேன். பாதி உண்மை. தெரு அந்த இடத்தில் மட்டும் ஒடுங்கிப் போகிறது இப்போது. மூன்று கோடை வந்து போய்விட்டது, நம்பினால் நம்புங்கள், கண்ணாடிக்கு உள்ளே அந்தச் சாந்து இன்னும் காயவில்லை.

அன்று கிளம்பும்போது பழக்கத்தில் கதவைச் சாத்திப் பூட்டப் போனேன். ஞானம்மாள் என் கையிலிருந்த சாவியை வாங்கிக்கொண்டார்.

"பூட்ட வேண்டாம் அண்ணாச்சி. மாடிப்படிச் சுவரு பாக்கி கெடக்குல்லா."