மூக்கைப் பதம் பார்த்த பூட்டு

அறுபதுகளின் தொடக்கம். திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் பள்ளியில் தற்காலிக அறிவியல் ஆசிரியையாக இருந்தேன். இன்ஸ்பெக்டர் வந்து என் பாடத்தைப் பார்த்து நல்லபடியாக எழுதினால்தான் வேலை நிரந்தரமாகும். கணவருக்கு மில் வேலை போயிருந்தது. வீட்டில் எட்டு மாதக் குழந்தை.

அவர் வந்த அன்று பாடம் ஆற்றல் அழியா விதி. படம் போட்டு நடத்தியிருந்தால் பிழைத்திருப்பேன். எனக்குத்தான் எதையும் செய்து காட்டாவிட்டால் தூக்கம் வராதே. பூட்டுப் பட்டறைக்காரர் மகள் ஒருத்தி வகுப்பில் இருந்தாள். அவள் வீட்டிலிருந்து கிட்டங்கிக் கதவுக்குப் போடும் கனமான பூட்டு ஒன்றை வாங்கி, உத்தரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டேன்.

கரும்பலகையில் தலையைச் சாய்த்து நின்று, பூட்டை மூக்குவரை இழுத்துப் பிடித்தேன். "இந்த உயரந்தான் நாம இதுக்குக் குடுத்த ஆற்றல். கீழ வரும்போது வேகமா மாறும், ஏறும்போது திரும்ப உயரமா மாறும். குடுத்ததுக்கு மேல ஏறாது. என் மூக்குக்கு ஒண்ணும் ஆகாது" என்று பெருமையாகச் சொல்லிக் கையை விட்டேன்.

போன பூட்டு திரும்பி வந்து மூக்கைப் பதம் பார்த்துவிட்டது. ரத்தம். வகுப்பே சிரித்தது. கடைசி பெஞ்சில் இருந்த இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். வேலை போச்சு என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பட்டறைக்காரர் மகள் எழுந்தாள். "டீச்சர், நீங்க சும்மா விடல. தொட்டில ஆட்டுற மாதிரி தள்ளி விட்டீங்க. எங்க தம்பிய ஆட்டுறப்ப நானும் அப்பிடித்தான் செய்வேன். தள்ளுன வேகமும் சேந்துல்ல திரும்பி வரும்."

உண்மைதான். எட்டு மாதமாகத் தொட்டில் ஆட்டிய கை, தன்னை அறியாமல் தள்ளியிருக்கிறது.

"அப்ப நீ நின்னு காட்டுறியாம்மா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

நான் தடுப்பதற்குள் அவள் முக்காலியில் ஏறிவிட்டாள். தலையைச் சாய்த்து, பூட்டை மூக்கோடு ஒட்டிப் பிடித்து, விரல்களை மட்டும் விரித்தாள். அது திரும்பி அவள் முகத்துக்கு நேராக வந்தபோது இன்ஸ்பெக்டரே கண்ணை மூடிக்கொண்டார். அவள் இமைக்கவில்லை. மூக்குக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்று, பூட்டு திரும்பிப் போனது.

பிள்ளைகள் கைதட்டிய சத்தத்தில் பக்கத்து வகுப்பு டீச்சர் ஓடி வந்தார். இன்ஸ்பெக்டர் மறுபடி பேனாவைத் திறந்தார். "பாடம் பிள்ளைகளுக்குப் போய்ச் சேந்திருச்சும்மா. அதத்தான் நான் பாக்க வந்தேன்" என்றார். அந்த வருடமே என் வேலை நிரந்தரமானது.

மூக்கின் மேல் சின்னத் தழும்பு இன்னும் இருக்கிறது. கண்ணாடி பார்க்கும்போதெல்லாம், என் தப்பை என் முகத்துக்கு நேரே சொல்ல ஒரு பிள்ளைக்குத் தைரியம் வந்த நாள்தான் நான் டீச்சரான நாள் என்று நினைத்துக்கொள்கிறேன்.