பெரட்டில் நல்லம்மாள் கொடுத்த குரல்

மலேசியத் தோட்டங்களில் வேலை செய்ய ஆள் கிடைப்பதில்லை என்று 1986-இல் யாரைப் பார்த்தாலும் சொன்னார்கள். முதலாளிமார் கூட்டம் போட்டுச் சொன்னார்கள், பத்திரிகையில் எழுதினார்கள், கடைசியில் தோட்டத்துப் பிள்ளைகளே அதை நம்பத் தொடங்கினார்கள். எனக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். அப்போது கோலா சிலாங்கூரில் தொழிற்சங்கக் கிளையில் நான் எழுத்து வேலை பார்த்தேன். ஆள் எப்படிக் கிடைக்காமல் போகிறது என்பதைக் கிட்ட இருந்து பார்த்தவன். நல்லம்மாளைப் பற்றிச் சொன்னால் உங்களுக்கும் தெரியும்.

ஜெராம் சாலையிலிருந்து மூன்று மைல் உள்ளே தள்ளி ஒரு செம்பனைத் தோட்டம். நல்லம்மாள் பிறந்தது அங்கேதான். அது ரப்பர் தோட்டமாக இருந்தபோது பதின்மூன்று வயதில் பால்மரம் வெட்டப் போனார். ரப்பரை அழித்துச் செம்பனை நட்டார்கள். கத்தியை வைத்துவிட்டு, புல்லுக்கு மருந்தடிக்கும் பம்பை முதுகில் ஏற்றிக்கொண்டார். கணவரை லோரி விபத்தில் பறிகொடுத்த பிறகும், ஒரே மகளைக் கிள்ளானில் கட்டிக்கொடுத்த பிறகும் அந்தப் பம்பு இறங்கவில்லை. நான் பார்த்தபோது வயது நாற்பத்தாறு. வாய் கொஞ்சம் நீளம்தான், வேலையை மேற்பார்க்கும் மண்டோர்கூட அவரிடம் அளந்துதான் பேசுவார்.

விடிவதற்கு முன் ஆபீஸ் வாசலில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்கள். அதைப் பெரட்டு என்பார்கள். பெயரைக் கேட்டதும் குரல் கொடுக்க வேண்டும். குரல் வராவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை. மருந்தடிக்கும் பெண்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு ஓடி வருகிறவள், வயிற்றுவலியில் பின்தங்கியவள், இவர்களுக்காகப் பக்கத்தில் நிற்பவள் குரல் கொடுப்பாள். மங்கிய வெளிச்சத்தில் யார் குரல் என்று யாருக்குத் தெரியும்? பெயர் கூப்பிடும் கிராணி, அதாவது ஆபீஸ் கணக்கர், யாழ்ப்பாணத்துக் கதிரவேலுவுக்குத் தெரியும். இருபது வருஷமாகத் தெரிந்தும் கண்டுகொள்ளாமல் இருந்தார். எப்படியும் புல் செத்துக்கொண்டிருந்தது, அவருக்கு அது போதும்.

அந்த வருஷம் செம்பனை எண்ணெய் விலை விழுந்தது. மருந்தடிக்கும் வேலையைக் காண்ட்ராக்டரிடம் விட்டுவிட நிர்வாகம் முடிவு செய்தது. காண்ட்ராக்ட் ஆளுக்குச் சீக்கு விடுப்பு கிடையாது, லயத்தில், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில், வீடும் கிடையாது. இதை வெளிப்படையாகச் சொன்னால் சங்கம் சும்மா இருக்குமா? அதனால் ஒரு திங்கட்கிழமை, வழக்கமான பெரட்டு மாதிரியே கதிரவேலு ஒரு பட்டியலை வாசித்தார். பதினெட்டுப் பெயர். வயசானவர்களும் நோயாளிகளுமாகப் பொறுக்கி எடுத்த பட்டியல். எல்லாரும் குரல் கொடுத்த பிறகு தாளை மடித்துக்கொண்டு சொன்னார்: "பதில் சொன்ன ஆக்கள் எல்லாரும் இண்டையில இருந்து காண்ட்ராக்டர்ட ஆக்கள். பதில் சொன்னா சம்மதம் எண்டுதான் அர்த்தம்."

இப்படி ஒரு அநியாயத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. தன் பெயரைக் கேட்டு "இருக்கேன்" என்றது ஒரு குற்றமா?

அந்தப் பதினெட்டில் வேலம்மாவின் பெயரும் இருந்தது. ஆனால் வேலம்மா அங்கே இல்லை. மருந்து பட்டு நகமெல்லாம் கறுத்து, காய்ச்சலில் லயத்தில் படுத்துக்கிடந்தார். பட்டியலில் தன் பெயர் இல்லாவிட்டாலும், கூட நின்ற நல்லம்மாள் பழக்க தோஷத்தில் அவருக்காகக் குரல் கொடுத்துவிட்டார். ஒரு நாள் வேலை போகக் கூடாதே என்று கொடுத்த குரல், வேலம்மாவின் வீட்டையே எடுத்துக்கொண்டது. பக்கவாதத்தில் விழுந்த புருஷன் வீரனோடு ஒரு மாதத்தில் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று கடிதம் வந்தது.

நல்லம்மாள் அன்றே கிராணியிடம் போனார்.

"ஐயா, அக்கா பெரட்டுக்கே வரல. சனிக்கிழமை ஆஸ்பத்திரிச் சீட்டு எழுதிக் குடுத்ததே நீங்கதான. உங்களுக்குத் தெரியாதா?"

"சீட்டு சனிக்கிழமையோட சரி. திங்கக்கிழமை பதில் வந்தது. அது முடிஞ்ச கதை, நல்லம்மா."

கதிரவேலு கெட்ட மனிதர் என்று நான் சொல்லமாட்டேன். மேலே இருந்து வந்ததைக் கீழே தள்ளிவிட்டார். ஆனால் தள்ளிய கை அவருடையதுதான், அதை எப்படி மன்னிப்பது?

நல்லம்மாள் பஸ் ஏறி என்னிடம் வந்தார். தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுத்தோம். விசாரணைக்கு முந்தின நாள் அவரிடம் ஒளிக்காமல் சொன்னேன்: "இன்னொருத்தர் பேருக்குப் பதில் சொன்னேன்னு அங்க ஒத்துக்கிட்டா அது ஏமாத்து வேலைன்னு பிடிச்சுக்குவாங்க. உங்க வேலை போயிரும்கா. வீடும் போயிரும்."

"தெரியும்லா தம்பி. என்னைய மக பாத்துக்கும். அந்த அக்கா புருஷனத் தூக்கிக்கிட்டு எங்க போவும்?"

விசாரணையில் தோட்டத்து மானேஜர், வேலம்மா வந்து நின்று தன் வாயால் பதில் சொன்னதாகவே சாதித்தார். அந்த மானேஜர் எந்த நாளிலும் பெரட்டுப் பக்கம் வந்தவரல்ல. அதிகாரி, சின்ன வயசு மலாய்க்காரர், "வேறு யார் சொல்லியிருக்க முடியும்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் நல்லம்மாள் எழுந்துவிட்டார்.

"நான்தான். நான்தான் சொன்னேன். அன்னிக்கு மட்டும் இல்ல, இருபது வருசமா சொல்றேன். கிராணி ஐயாவக் கேளுங்க."

கதிரவேலு தலையைத் தூக்கவில்லை. அதிகாரிக்கு அது போதுமானதாக இருந்தது. வேலம்மாவின் பெயரைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி உத்தரவு வந்தது. வீடு தப்பியது. மற்ற பதினேழு பேரும் தங்கள் வாயாலேயே பதில் சொன்னவர்கள் ஆயிற்றே, அவர்களுக்கு எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அடுத்த வாரமே லோரியில் வெளிநாட்டு ஆட்கள் வந்து இறங்கினார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. வாய்க்கால் ஓரத்தில் தகரக் கொட்டகையில் அவர்களை அடைத்துவைத்தார்கள். காரணம் கேட்டால் உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லையாம்!

பத்தாம் நாள் நல்லம்மாளை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். நானும் கூடப் போனேன். கதிரவேலு ஒரு தாளை நீட்டி, கைநாட்டு வைக்கச் சொன்னார்.

"என்னா எழுதியிருக்கு, வாசிங்க."

அவர் தயங்கித் தயங்கி வாசித்தார். சொந்த விருப்பத்தின் பேரில் வேலையிலிருந்து விலகிக்கொள்வதாக எழுதியிருந்தது.

"எனக்கு எங்கய்யா விருப்பம்?"

"இப்பிடி எழுதினா உமக்குத்தான் நல்லது. வேற இடத்தில கேக்கமாட்டினம்."

"பொய்யா பதில் சொன்னேன்னுதான தொரத்துறீங்க? அதையே எழுதுங்க. முப்பத்துமூணு வருசம் வேல செஞ்சவ நானு. நானா போகல."

கதிரவேலு உள்ளே மானேஜரிடம் போய்விட்டு வந்தார். மறுபடியும் கேட்டார். நல்லம்மாள் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுற்றிக்கொண்டு நின்றார். கடைசியில் வேறு தாளை எடுத்து, நீக்கப்பட்டார் என்று எழுதினார்கள். அதை நான் படித்துச் சொன்ன பிறகு கைநாட்டு வைத்தார்.

வருஷக் கடைசியில் அந்தத் தோட்டத்திலிருந்து போனவர்களின் பட்டியல் எங்கள் கிளைக்கு வந்தது. முப்பத்தொரு பேர். முப்பது பெயருக்கு எதிரே சொந்த விருப்பத்தில் விலகியவர் என்று இருந்தது. நல்லம்மாளின் பெயருக்கு எதிரே மட்டும் உண்மையில் நடந்தது எழுதியிருந்தது.