அவர் லீவு எடுத்தால் எனக்கு வேலை

என் தம்பியைக் காலேஜில் சேர்த்தது எண்பதுகளின் தொடக்கத்தில். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் எனக்கு அப்போதுதான் வேலை நிரந்தரமாகியிருந்தது. வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், வாடகைக்கு. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அவனாவது படிக்கட்டும் என்று ஒரு மாதச் சம்பளத்தை அப்படியே சட்டைப்பைக்குள் ஊக்கு குத்தி எடுத்துக்கொண்டு போனேன். ஜன்னலுக்குள் இருந்த கிளார்க் அதில் பாதிகூட எடுக்கவில்லை. மீதியைத் திருப்பித் தந்தார். அதில் தம்பிக்கு ஒரு பேண்ட் துணி எடுத்தோம். பஸ் ஸ்டாண்டில் புரோட்டா சாப்பிட்டோம். அதற்குப் பிறகும் பணம் இருந்தது.

காலேஜ் என்றால் இவ்வளவுதான் ஆகும் என்று அன்றைக்கு என் மனதில் பதிந்துவிட்டது. மகள் வளர்ந்தபோதும் அந்த அளவை வைத்தே அவள் படிப்புக்குப் பணம் சேர்த்தேன். விலைவாசி ஏறியிருக்கும், போகட்டும், நாலு மடங்கு என்று வைத்துக்கொள்வோம் என்று நினைத்தேன். அதற்குமேல் யோசிக்க எனக்குத் தெரியவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் அவள் பிளஸ் டூ முடித்தாள். அரசு இன்ஜினியரிங் கல்லூரிக்குக் கொஞ்சம் மார்க் போதவில்லை. தனியார் கல்லூரி ஒன்றில் கூடுதல் கட்டணம் கட்டிச் சேரும் இடம் கிடைத்தது. பேமெண்ட் சீட் என்றார்கள். கடிதம் வந்த அன்று அவள் அதை என் கையில் கொடுத்துவிட்டு முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, இதுல ஒரு சைபர் கூட விழுந்திருக்கா பாரு."

"சரியாத்தாம்ப்பா போட்டிருக்கு."

"நாலு வருசத்துக்கும் சேத்தா?"

"இல்லப்பா. ஒரு வருசத்துக்கு."

என்னுடைய ஒரு வருடச் சம்பளமும் அதுவும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. பதினைந்து வருடத்தில் அந்தக் காலேஜுகளுக்குள் என்ன நடந்தது என்று எனக்கு விளங்கவில்லை. கரும்பலகையும் பெஞ்சும்தானே அங்கேயும் இருக்கும்? பம்பாயில் வாடகை வீட்டில் இருந்த தம்பிக்கு எழுதினேன். விடுதிக்கு முன்பணம் மட்டும் அனுப்பினான். "இப்ப எல்லாம் இப்படித்தான் அண்ணே" என்று எழுதியிருந்தான். ஏன் இப்படி என்று எழுதவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வங்கியில் படிப்புக்குக் கடன் தருவதாகக் கேள்விப்பட்டுப் போனேன். மகளைக் கூட்டிப் போகவில்லை. கடன் கேட்டு நிற்கும்போது அவள் பக்கத்தில் இருக்க வேண்டாம் என்று தோன்றியது. மேனேஜர் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார். கடிதத்தைப் படித்துவிட்டு, "நல்லது. காலேஜ்ல சேர்ந்ததுக்கு ரசீதோட வாங்க, பார்க்கலாம்" என்றார்.

எனக்கு ஒரு கேள்வி இருந்தது. பணம் கட்டினால்தானே ரசீது தருவார்கள், அந்தப் பணத்துக்குத்தானே இங்கே வந்தேன்? நாக்கு நுனி வரை வந்தது. பின்னால் வரிசையில் நாலு பேர் நின்றார்கள். வாரேன் சார் என்று கும்பிட்டுவிட்டு எழுந்துவிட்டேன்.

எங்கள் ஆலையில் பெரிய செலவு வந்தவர்கள் செய்யும் ஒரு காரியம் உண்டு. கணக்கை முடிப்பது என்பார்கள். நிரந்தர வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு, இத்தனை வருடச் சேவைக்கான பணிக்கொடையை மொத்தமாக வாங்கிக்கொள்வார்கள். மறு மாதம் அதே ஆலையில் பதிலியாகச் சேர்வார்கள். பதிலி என்றால் நிரந்தரத் தொழிலாளி ஒருவர் வராத நாளில் அவர் மெஷினை ஓட்டுகிறவர். எல்லாரும் வந்துவிட்டால் பதிலிக்கு வேலையும் இல்லை, கூலியும் இல்லை. மகள் கல்யாணத்துக்கு அப்படி முடித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். என் பி.எஃப். பணம் தங்கை கல்யாணத்திலேயே போயிருந்தது. ஆலையில் எனக்கு மிச்சம் இருந்தது பணிக்கொடை ஒன்றுதான்.

நான் சேர்த்திருந்ததோடு இதையும் கூட்டி முதல் வருடத்தைக் கட்டிவிடலாம், ரசீதைக் கொண்டுபோனால் மற்ற மூன்று வருடத்தையும் வங்கி பார்த்துக்கொள்ளும். இதுதான் என் யோசனை. இரண்டு நாள் லீவு கேட்டால் ஒரு வாரம் யோசிக்கிற ஆபீஸ், என் ராஜினாமாவில் அன்று சாயங்காலமே கையெழுத்துப் போட்டது. அந்த வேகத்தைப் பார்த்தாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

கடைசித் தேதிக்கு முந்தின நாள் பணம் கட்டினோம். மகளை விடுதியில் விட்டுவிட்டு, ரசீதை மடிக்காமல் ஒரு நோட்டுக்குள் வைத்து எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனேன்.

மேனேஜர் ரசீதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். "அடுத்த வருஷத்துல இருந்து நாங்க தர்றோம். இதே காலேஜ், நல்ல மார்க். ஒண்ணுமில்ல, நீங்க நிரந்தரத் தொழிலாளின்னு மில்லுல ஒரு சம்பளச் சான்று மட்டும் வாங்கிட்டு வந்திருங்க."

"சார், நான் இப்ப பதிலி."

"எப்ப இருந்து?"

"போன மாசத்துல இருந்து சார்."

அவர் பேனாவை மூடினார். "ஒரு மாசம் முன்னாடி வந்திருந்தா உங்க சான்றே போதுமே."

ஒரு மாதம் முன்னாடி இதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அவருக்கு என் முகம் ஞாபகமில்லை. எத்தனை பேரைப் பார்க்கிறவர். சொந்த வீட்டுப் பத்திரம் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை. அப்படியானால் நிரந்தர வேலையில் இருக்கும் ஒருவர் ஜாமீன் போட வேண்டும், அடுத்த ஜூனுக்குள் போட்டால் போதும் என்றார். விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தெரியாமல் செத்த நேரம் படியிலேயே நின்றேன்.

விடுமுறைக்கு வந்த மகளிடம் ஒருநாள் சொன்னேன்.

"மொதநாளே கேக்க வேண்டியதுதானப்பா? வேலைய ஏம்ப்பா எழுதிக் குடுத்த?" என்றாள். "நான் வேணா நின்னுக்கிடுறேன்."

"ஒரு வருசம் கட்டியாச்சுல்ல தாயி. இப்ப நின்னா கட்டுன காசு, விட்ட வேல ரெண்டும் வீணாப் போயிரும்."

அவளைத் தேற்றத்தான் சொன்னேன். சொன்ன பிறகு பார்த்தால் அதுதான் உண்மையாகவும் இருந்தது.

பதிலிகள் ஷிப்டுக்கு அரைமணி முன்னால் ஆலை கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். முதல் சில வாரம் பழைய கூட்டாளிகள் என்னைத் தாண்டி உள்ளே போகும்போது, "என்ன பெர்மனென்ட்டு, வெளிக்காத்து எப்படி இருக்கு?" என்பார்கள். கேலிதான். நானும் சிரிப்பேன். நான் விட்ட நிரந்தர இடம், ஆறு வருடமாகப் பதிலியாக நின்ற ஒருவருக்குப் போனது. தளவாய்புரத்துக்காரர். பக்கத்து மெஷினில் நான்தான் அவருக்கு அறுந்த நூலை முடிச்சுப் போடப் பழக்கினேன். உறவில்லை. ஆனாலும் மாமா, மாப்பிள்ளை என்று பழகுவோம். நிரந்தரமான அன்று என்னைப் பார்த்ததும் சைக்கிளைவிட்டு இறங்கிவிட்டார். சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று தெரியாத ஒரு முகம்.

ஜாமீன் கேட்க எனக்குத் தெரிந்த நிரந்தரக்காரர்கள் பலர் இருந்தார்கள். அவர்களிடம் கேட்க வெட்கம். இவரிடம் கேட்பது அதைவிட வெட்கம். என் இடத்தைக் கொடுத்ததற்குக் கூலி கேட்பதுபோல இருக்கும். அந்த விண்ணப்பம் சாப்பாட்டுப் பைக்குள்ளேயே மாதக்கணக்கில் கிடந்து, குழம்பு பட்டு ஓரம் மஞ்சளாகிவிட்டது. மே மாதம் ஒருநாள் கேட்டுக்கு எதிரே டீக்கடையில் பையைத் திறந்தபோது அவரே அதைப் பார்த்துவிட்டார்.

"என்ன மாமா காகிதம்?"

"ஒண்ணுமில்ல மாப்ள."

"ஒண்ணுமில்லாததுக்கா பேங்க்கு முத்திரை?" வாங்கி வாசித்தார். "இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு அலையுதீய? எங்க போடணும் கையெழுத்து?"

"வீட்டுல ஒரு வார்த்த கேட்டுட்டுப் போடு மாப்ள."

கேட்டார். மறுநாள் அவர் மனைவி கேட்டுக்கே வந்துவிட்டாள். என் மனைவியை மதினி மதினி என்று மதிப்பாகப் பேசுகிறவள்தான். அன்று நேராகவே கேட்டாள்.

"ஏண்ணே, ஒங்க மகளுக்கு வேல கெடைக்காமப் போச்சுன்னா எங்க வீட்டு அடுப்புதான அணையும்?"

கிடைக்கும் என்று எதை வைத்துச் சொல்வேன்? "தெரியலம்மா" என்றேன். "கெடைக்கும்னு அடிச்சுப் பேசியிருந்தீயன்னா வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த வாரமே அவர் வங்கிக்கு வந்து கையெழுத்துப் போட்டார்.

மகள் இப்போது கடைசி வருடத்தில் இருக்கிறாள். மூன்றாம் வருடம் கட்டணத்தை இன்னும் கூட்டினார்கள். அதற்கும் காரணம் எழுதவில்லை. கடன் பத்திரத்தில் அவள் பெயர், என் பெயர், அவர் பெயர் மூன்றும் இருக்கின்றன. படித்து முடித்த பிறகுதான் கட்டத் தொடங்க வேண்டுமாம். கல்யாணம் ஆகிப் போய்விட்டால் அந்தக் கடன் எந்த வீட்டுக் கடன் என்று என் மனைவி கேட்கிறாள். அதை வங்கியில் கேட்டுவர வேண்டும். இந்தத் தடவை கேட்டுவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன்.

தினமும் காலையில் கேட்டுக்கு வெளியே நிற்கிறேன். தளவாய்புரம் பக்கமிருந்து சைக்கிள்கள் வரும் திசையைப் பார்ப்பேன். அவர் வந்துவிட்டால் அவர் வேலை நிலைக்கும், என் மகளின் ஜாமீனும் நிலைக்கும். ஆனால் எனக்கு அன்றைக்குக் கூலி இல்லை. அவர் லீவு எடுத்தால் என் பழைய மெஷினுக்கே என்னைக் கூப்பிடுவார்கள். மாதத்தில் இரண்டு நாள் எனக்காகவே லீவு எடுக்கிறார் என்று நினைக்கிறேன். கேட்டால் வயிற்றுவலி என்கிறார். அடிக்கடி லீவு எடுத்தால் அவருக்கு நோட்டீஸ் வரும்.

சைக்கிள் மணி கேட்கிறது. அது அவராக இருக்க வேண்டுமா, கூடாதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.