மணியக்கா கேட்ட கேள்வி

வியாழக்கிழமை சாயங்காலம், பட்டர்வொர்த்தில் பாட்டு வகுப்புக்கு வெளியே வேனை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளுக்காகக் காத்திருந்தேன். போன் அடித்தது. வேனில் வரும் கவினயாவின் அம்மா தேவி.

"அக்கா, மணியக்கா தவறிட்டாங்களாம். காலையில. அடுத்த மாசம் போட்டி வருதே, இனிமே பாட்டு யாருகிட்ட கேக்கிறது?"

செத்துப் போனவருக்காக முதலில் கண் கலங்கியிருக்க வேண்டும். எனக்கு முதலில் வந்தது எரிச்சல். பதினெட்டு வருஷமாக இவர்கள் பிள்ளைகளை வகுப்புக்கும் போட்டிக்கும் ஏற்றி இறக்குகிறேன், இங்கே ஒருத்தி இருப்பது கண்ணுக்குத் தெரியவில்லையா? அதற்குப் பிறகுதான் அழுதேன். மணியக்கா இதைக் கேட்டால் சிரிப்பார். அவருக்கு என் புத்தி தெரியும்.

சிவயோகம் என்ற அவருடைய சொந்தப் பெயரைச் சொன்னால் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஜார்ஜ் டவுனில் நடக்கிற சங்கீதப் போட்டிகளில் நடுவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஐந்து நிமிஷம் முடிந்ததும் மணி அடிப்பவர் என்றால் தெரியும். யாழ்ப்பாணத்துக் குடும்பம், கப்பல் ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவர். பாட வராது. ஆனால் எந்தப் பிள்ளைக்கு எந்தப் பாட்டு என்று அவரிடம்தான் கேட்பார்கள். அதற்கு முன்னால் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் ஆறாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனால் வேனில் பிள்ளைகள் பாடிப் பாடி எனக்கு ராகம் பழகிவிட்டது. எல்லாருக்கும் பெரிய பாட்டாகச் சொல்வேன். கூட்டம் கை தட்ட வேண்டாமா?

என் மகள் யாழினிக்கும் அப்படித்தான் சொன்னேன். கல்யாணி ராகத்தில் பெரிய பாட்டு, கடைசியில் ஸ்வரம். அவள் ஸ்வரத்தைத் தொடங்கி நாலு வரி போகவில்லை, டிங் என்று அடித்துவிட்டார் மகராசி. பிள்ளை வாயைத் திறந்தபடியே நின்றாள். நான் நேராக மணி மேசைக்குப் போனேன்.

"ஒரு பத்து செக்கண்டு விட்டுக் குடுத்தா கொறைஞ்சா போயிடுவீங்க, லா?"

"குடுத்தால் எல்லாப் பிள்ளையளுக்கும் குடுக்கோணும். நீ பாட்டைச் சின்னனா எடுத்திருக்கலாம், பிள்ளை."

என்னை 'பிள்ளை' என்கிறார்! அப்போதே எனக்கு நாற்பத்தெட்டு வயது.

அடுத்த வருஷம் யாழினி சென்னையில் ஓர் இசைக் கல்லூரிக்கு மனுப் போட்டாள். கணினி வழியாகக் குரல் தேர்வு. அவளுக்கு வேறு படிப்பில் மனம் இல்லை. இதில் இடம் கிடைக்காவிட்டால் பக்கத்து ஊர் பிறையில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போவதாக இருந்தது. நான் மறுபடியும் கல்யாணி என்றேன். அவள் எனக்குத் தெரியாமல் மணியக்காவிடம் போய், சஹானாவில் ஒரு சின்னப் பாட்டோடு வந்தாள். மெதுவாகப் போகிற பாட்டு.

"கேக்கிறவங்க தூங்கிடுவாங்கடி" என்றேன்.

"தூங்கினா எழுப்பிக்கிறேன்மா. நீங்க கொஞ்சம் சும்மா இருங்க."

யாரும் தூங்கவில்லை. இடம் கிடைத்துவிட்டது. ஒரு டப்பா லட்டையும் உம்மென்ற முகத்தையும் தூக்கிக்கொண்டு மணியக்கா வீட்டுக்குப் போனேன்.

"பெத்தவ நான். வீட்டுலயும் வேன்லயும் தினம் கேக்கிறவ நான். அந்தப் பாட்டை நீங்க எப்படிப் புடிச்சீங்க?"

"உன்ரை வேனுக்குள்ளை இருந்துதான்" என்றார்.

எந்தப் பிள்ளை வந்தாலும் அவர் பாடச் சொல்ல மாட்டாராம். ஒரே கேள்விதான்: போட்டி முடிந்து வீட்டுக்குத் திரும்பும்போது, யாரும் கேட்காமலே நீ என்ன பாடினாய்? போகும்போது பாடுவது அம்மாவின் பாட்டு, வரும்போது பாடுவதுதான் பிள்ளையின் பாட்டு என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மணி அடித்துத் தோற்ற அன்று, கடல் பாலத்தில் வேன் திரும்பி வரும்போது யாழினி ஜன்னல் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டு அந்தச் சஹானாவைத்தான் பாடினாள். "இப்ப என்னத்துக்கு அழுமூஞ்சிப் பாட்டு? நிறுத்து" என்று அதட்டியவள் நான்.

லட்டைப் பிட்டுக்கொண்டே மணியக்கா இன்னொன்றும் சொன்னார். "மேடையிலை எனக்குக் கேக்கிறது எல்லாம் பயந்த குரல். பயமில்லாத குரல் முழுக்க உனக்குத்தான். உன்னிலை எனக்கு எவ்வளவு பொறாமை தெரியுமோ?"

அந்த ஒரு வார்த்தைக்காக லட்டு டப்பா முழுவதையும் அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

காரியம் முடிந்த மறுநாள், தேவி கவினயாவைக் கூட்டிக்கொண்டு வேனருகே வந்து பாட்டு கேட்டாள். எனக்குக் கல்யாணி நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டு பிள்ளையிடம் கேட்டேன்: "போன தடவை போட்டி முடிஞ்சு திரும்புறப்ப, வேன்ல என்னம்மா பாடுன?"

கவினயா கொஞ்சம் யோசித்துவிட்டு, வெட்கப்பட்டுக்கொண்டு மெதுவாகப் பாட ஆரம்பித்தாள். நான் இன்ஜினை நிறுத்தினேன்.

"எப்படிக்கா இப்படியெல்லாம் யோசிக்கிறீங்க?" என்றாள் தேவி. நான் சிரித்தேன். யார் கேள்வி என்று சொல்லவில்லை. இரண்டு நாள் அந்தப் பெருமையை வைத்துப் பார்த்தேன், தொண்டையில் மாட்டிய முள் மாதிரி உறுத்தியது. அதனால் எல்லாருக்கும் தெரிய இங்கே எழுதிவிட்டேன், மணியக்கா. கேள்வி உங்களுடையது. அதை நான் வைத்துக்கொள்கிறேன். கேட்கிற காது மட்டும் என்னுடையது. அதில் பங்குக்கு வராதீர்கள்.