தழும்பில் ஒட்டிய நஞ்சுக்கொடி

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த புதிதில் நான் காஜா பேராங் என்ற ஊரில் அரசாங்க மருத்துவச்சி. சைக்கிளில் வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்ப்பேன். அந்த வட்டாரத்தில் நர்ஸை ‘மிஸ்ஸி’ என்பார்கள்; எல்லோருக்கும் நான் ‘மிஸ்ஸி’.

ஒரு காலை, லாரி ஓட்டுநர் ஒருவரின் அம்மா மூச்சிரைக்க ஓடி வந்து என்னை அழைத்துப் போனார். அவருடைய மருமகளுக்கு எட்டாம் மாதம். பாயில் படுத்திருந்தாள். கட்டியிருந்த சாரோங் இடுப்புக்குக் கீழே சிவந்து நனைந்திருந்தது.

“வலிக்குதா?”

“இல்ல மிஸ்ஸி. பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தேன். சும்மாவே கொட்டிடுச்சு.”

வலியில்லாத ரத்தம். அதுதான் என்னைப் பயமுறுத்தியது. வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். குழந்தையின் தலை கீழே இறங்க இடமில்லாததுபோல மேலேயே நின்றது. தொப்புளுக்குக் கீழே பழைய ஆப்பரேஷன் தழும்பு. முதல் பிள்ளையை வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்திருந்தார்கள். நஞ்சுக்கொடி கர்ப்பப்பையின் வாயை அடைத்துக் கிடக்கிறதோ, விரல் பட்டாலே கிழிந்து ரத்தம் கொட்டுமோ என்று சந்தேகம் வந்தது.

“உள்ள கை விட்டுப் பாரும்மா, வாய் திறந்திருக்கான்னு” என்றார் மாமியார்.

“மாட்டேன்.”

“அப்புறம் எதுக்கு நீ மிஸ்ஸின்னு வர்ற?”

சொல்லிவிட்டு அவரே சேலையைச் செருகிக்கொண்டு மருமகளின் காலடியில் உட்கார்ந்தார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். என்னைவிட இருபது வயது மூத்தவர்.

“தொட்டா ரெண்டு உசிரும் இந்தப் பாயிலேயே போயிடும்!” என்று கத்தினேன்.

அவர் ஒடுங்கிவிட்டார். பக்கத்து வீட்டுச் சீனர் தன் காரில் எங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

இன்றைக்கென்றால் வயிற்றின்மேல் ஸ்கேன் கருவியை வைத்ததும் நஞ்சுக்கொடி எங்கே ஒட்டியிருக்கிறது என்று திரையில் தெரிந்துவிடும். அன்று டாக்டரிடம் இருந்தது ஓர் எக்ஸ்ரே படம். விளக்குக்கு முன்னால் பிடித்துப் பார்த்தார். குழந்தையின் எலும்புகள் தெரிந்தன. தலைக்குக் கீழே ஏதோ மங்கல்.

“அங்கேதான் இருக்கும்போல” என்றார். அதற்குமேல் அவராலும் சொல்ல முடியவில்லை.

ரத்தம் நின்றிருந்ததால் மூன்று வாரம் அவளைக் கட்டிலைவிட்டு இறங்கவிடவில்லை. பிறகு ஆப்பரேஷனுக்கு எல்லாம் தயாராக வைத்துக்கொண்டு, மயக்கம் கொடுத்து, டாக்டர் முதல்முறையாக உள்ளே விரல் வைத்துச் சோதித்தார். என்னையும் கூட நிற்கச் சொல்லியிருந்தார்.

“பஞ்சு மாதிரி தட்டுப்படுது” என்று சொல்லி முடிப்பதற்குள் ரத்தம் பீறிட்டது.

உடனே வயிற்றைத் திறந்தார்கள். பெண் குழந்தை, வெளியே வந்ததும் வீறிட்டு அழுதது. எனக்கு மூச்சு வந்தது. ஆனால் நஞ்சுக்கொடி வரவில்லை. டாக்டர் கையால் பிரித்துப் பார்த்தார். முதல் ஆப்பரேஷனில் கர்ப்பப்பையில் விழுந்த தழும்புக்குள்ளேயே அது வேர்விட்டு ஒட்டியிருந்தது. பிரிக்கப் பிரிக்க ரத்தம் கூடியது. கையெழுத்து வாங்கிவர என்னை வெளியே அனுப்பினார்.

“கர்ப்பப்பையை எடுக்கணும். இதுல கையெழுத்துப் போடுங்க” என்றேன் அவள் கணவரிடம்.

“பொழைச்சுக்குவாளா?”

“எடுக்கலன்னா பொழைக்க மாட்டாங்க.”

என் கையிலிருந்து பேனாவை வாங்கினார். போட்டுவிட்டார்.

தாயும் பிள்ளையும் வீடு திரும்பினார்கள். எட்டு மாதம் கழித்து அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள்.

“மிஸ்ஸி, எனக்கு இன்னும் மாசவிலக்கு வரல. பால் கொடுக்கிறதாலதானே?”

கணவர் சொல்லியிருப்பார் என்று நான் நினைத்திருந்தேன். நான் சொல்லியிருப்பேன் என்று அவர் நினைத்திருக்கலாம். உட்காரவைத்து நடந்ததையெல்லாம் சொன்னேன். அவள் அழவில்லை.

“அவரு கையெழுத்துப் போட்டப்ப நீங்க பக்கத்துல இருந்தீங்களா?”

“இருந்தேன்.”

“எட்டு மாசமா ரெண்டு பேரும் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல.”

எழுந்து போய்விட்டாள். அதன்பிறகு தெருவில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

குழந்தைக்கு ஒரு வயது முடிந்தபின் நான் ஊசி போடும் கிளினிக்குக்குத் தடுப்பூசிக்கு வந்தாள். வரிசையில் நின்று, முறை வந்ததும் பிள்ளையை என் மடியில் உட்காரவைத்தாள்.

“போடுங்க மிஸ்ஸி. ஆனா என்ன மருந்து, எதுக்குன்னு மொதல்ல எனக்குச் சொல்லுங்க.”

சொன்னேன்.