குடும்பத்தோட வந்துடணும்

பத்திரிகைக்காரர்களுக்கு எங்கள் துரை பெரிய அளவில் கிறிஸ்மஸ் விருந்து வைக்கப்போகிறார் என்ற செய்தி ஈப்போ அலுவலகத்தில் பரவியபோது, எல்லாரும் கேக்கைப் பற்றிப் பேசினார்கள். நான் மட்டும் நாற்காலிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். விருந்து வேலை முழுவதையும் என் தலையில் கட்டியிருந்தார்கள்.

மலாயாவில் ரப்பருக்கு மறுபடி விலை ஏறத் தொடங்கியிருந்த, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுப்பகுதி அது. நான் தற்காலிகக் கிராணி. கிராணி என்றால் எங்கள் பக்கத்தில் குமாஸ்தா. தோட்டத்தில் பிறந்து, மிஷன் பள்ளியில் இங்கிலீஷ் படித்து, எப்படியோ சர்க்கார் நாற்காலியில் வந்து உட்கார்ந்தவன். அந்த நாற்காலி அடுத்த மாதமும் எனக்கு இருக்குமா என்பது துரையின் வாயில் இருந்தது.

அம்மாவும் தங்கையும் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில், கூலி ஆட்களுக்குக் கட்டிய வரிசையான லயத்து வீடு ஒன்றில் இருந்தார்கள். அப்பா போய்ச் சேர்ந்த பிறகு அம்மாதான் ரப்பர் மரத்தில் பால்வெட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றினாள். அந்த வருஷம் அவளுடைய முழங்கால்கள் வீங்கிவிட்டன. மரத்துக்கு மரம் நடக்க முடியவில்லை. வேலைக்குப் போகாதவர்களுக்கு லயத்தில் வீடு கிடையாது. புது வருஷம் பிறந்ததும் கப்பலில் புது ஆட்கள் வருகிறார்கள், அதற்குள் வீட்டைக் காலி பண்ணு என்று ஆட்களை மேய்க்கும் கங்காணி சொல்லிவிட்டார். எனக்கு வேலை நிரந்தரமானால் சர்க்கார் குவார்ட்டர்ஸ் கிடைக்கும். விருந்து நல்லபடியாக நடந்தால் நிரந்தரத்துக்கு எழுதுகிறேன் என்று துரை வாக்குக் கொடுத்திருந்தார். அதனால் அந்த விருந்தில் ஒரு தட்டு கவிழ்ந்தாலும் அம்மா தெருவில் நிற்பாள் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

துரைக்கு அவருடைய கவலை. மாநிலத் தலைநகரான தைப்பிங்கிலிருந்து பெரிய துரை வருகிறார். அவர் கண் முன்னால் இங்கிலீஷ், தமிழ், சீனம், மலாய் என்று எல்லாப் பத்திரிகைகளும் ஒரே கூடாரத்தில் உட்கார்ந்து தேநீர் குடிக்க வேண்டும். ஈப்போவில் இருந்த ஆசிரியர்களுக்கும், வெளியூர்ப் பத்திரிகைகளுக்கு எழுதும் நிருபர்களுக்கும் தங்க விளிம்பு போட்ட அட்டை அடித்துத் தபாலில் அனுப்பினோம். வருகிறவர்கள் பதில் எழுத வேண்டும் என்று அட்டையின் மூலையில் பொடி எழுத்தில் போட்டிருந்தது.

இங்கிலீஷ்காரர்களின் பதில்கள் உடனே வந்துவிட்டன. மற்றவர்களிடமிருந்து ஒரு துண்டுக் காகிதம்கூட வரவில்லை. தபால் பை வரும் நேரத்துக்கு நான் வாசலில் போய் நிற்க ஆரம்பித்தேன். பியூனுக்கு என்னைப் பார்த்தாலே சிரிப்பு. ஏதோ பெண் வீட்டாரின் கடிதத்துக்குக் காத்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டான்.

ஒருநாள் துரை கூப்பிட்டார். பதில் எழுதாதவன் வரமாட்டான், பெரிய துரைக்குக் காலி நாற்காலிகளைக் காட்டச் சொல்கிறாயா என்று கேட்டார். எப்படியாவது அவர்களை வரவழைப்பது என் பொறுப்பு என்றும் சொன்னார். எங்கள் பெரிய கிராணியிடம் போய் யோசனை கேட்டேன். முப்பது வருஷ அனுபவஸ்தர். "இன்னொரு அட்டை அனுப்பு லா," என்றார். அவருக்கு எல்லா நோய்க்கும் இன்னொரு காகிதம்தான் மருந்து.

அட்டையை நம்பி இனிப் பயனில்லை என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு, ஈப்போவில் நம்மவர்கள் நிறைய இருக்கும் புந்தோங்குக்குப் போனேன். அங்கே ஒருவர் தமிழ் வாரப் பத்திரிகை நடத்திவந்தார். வீட்டின் முன்பாதி அச்சகம், பின்பாதி குடித்தனம். அவர் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி தரையில் உட்கார்ந்து அச்சான தாள்களை மடித்துக்கொண்டிருந்தார். எங்கள் தங்க விளிம்பு அட்டை பசைக் கிண்ணத்துக்கு அடியில் கிடந்தது.

"அட்டை வந்துச்சாண்ணே?" என்றேன், அதைக் கண்ணெதிரே பார்த்துக்கொண்டே.

"வந்துச்சு. தபால்காரன் வீசிட்டுப் போனான்."

"விருந்துக்கு வருவீங்கல்லண்ணே?"

"யாரு கூப்ட்டா, வர்றதுக்கு?" அவர் கையிலிருந்த எழுத்தைக் கீழே வைக்கவில்லை. "வீட்டு விசேஷத்துக்கு யாராச்சும் தபால்ல கூப்டுவாங்களா தம்பி? துரை வர வேணாம். ஒரு ஆள அனுப்பியிருக்கலாம் லா. அதுல பதில் வேற எழுதணுமாம். முறையா கூப்ட்டா வாரோம், இல்லன்னா இல்ல. இதுல எழுத என்ன இருக்கு?"

எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. இங்கிலீஷ் படித்ததில் இது எப்படி மறந்துபோனது? சொந்தக்காரர் கல்யாணத்துக்கு யாரோ மூலம் சொல்லியனுப்பினார்கள் என்பதற்காக, பக்கத்து லயத்துக்கே போகாமல் இருந்தவள் என் அம்மா. நேரே கடைக்குப் போய் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், கற்கண்டு வாங்கினேன். ஒரு தாம்பாளத்தை இரவல் வாங்கி எல்லாவற்றையும் அதில் வைத்து, அன்று மாலையே திரும்பிப் போனேன். கணவனும் மனைவியும் கை கழுவிக்கொண்டு வந்து சேர்ந்து நின்றார்கள். தட்டை நீட்டி, "துரை வீட்டு விருந்து. ரெண்டு பேரும் குடும்பத்தோட வந்துடணும்," என்றேன்.

அந்த வார்த்தையை நான் யோசித்துச் சொல்லவில்லை. அது தானாக வந்தது. எங்கள் ஆட்கள் வேறு மாதிரி அழைத்து நான் கேட்டதே இல்லை. ஆசிரியர் முகம் மலர்ந்தது. "இப்ப சொன்னியே, இது பேச்சு," என்றார்.

ஜெயித்துவிட்ட தெம்பில் தாம்பாளத்தோடு ஊரைச் சுற்றினேன். தமிழ் நிருபர்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் அதே தட்டு, அதே சொல். சீனப் பத்திரிகை ஆசிரியரிடம் எப்படி அழைப்பது முறை என்று தெரியாததால் அவருக்கும் வெற்றிலையையே நீட்டினேன். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கி, என்னை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார். அவரிடமும் மலாய்ப் பத்திரிகைக்காரரிடமும், எனக்குத் தெரிந்த மலாயில், வீட்டில் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னேன். எல்லாரும் வருகிறோம் என்றார்கள். துரையிடம் போய், நாற்காலி ஒன்றுகூடக் காலியாக இருக்காது என்று மார்தட்டினேன்.

விருந்துக்குச் சில நாள் இருக்கும்போது, புந்தோங் துணிக்கடையில் ஆசிரியர் மனைவியைப் பார்த்தேன். கை நிறைய ரிப்பன் வாங்கியிருந்தார்.

"தம்பி, துரை வீட்ல பிள்ளைங்க செருப்ப எங்க கழட்டணும்? என் தங்கச்சியும் அவ மாமியாரும் சித்தியவான்லேர்ந்து வாராங்க. அவங்களுக்குத் துரை பங்களாவப் பாக்கணும்னு ரொம்ப நாளா ஆச."

அப்போதுதான் நான் என்ன செய்துவைத்திருக்கிறேன் என்பது உறைத்தது. நான் போன வீடுகள் எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. ஒரு நிருபருக்கு இரட்டைப் பிள்ளைகள். சீன ஆசிரியர் வீட்டில் அவருடைய தகப்பனாரும் கூடவே இருந்தார். துரை பத்திரிகைக்காரர்களுக்கு மட்டும் ரொட்டியும் கேக்கும் சொல்லியிருந்தார். நான் ஊரையே அழைத்திருந்தேன்.

குடும்பம் வேண்டாம், நீங்கள் மட்டும் வாருங்கள் என்று இனிமேல் போய்ச் சொல்ல முடியுமா? சொன்னால் ஒருவர்கூட வரமாட்டார். ஜென்மத்துக்கும் என்னை மன்னிக்கவும் மாட்டார்கள். துரையிடம் சொல்லலாமென்று அவர் அறையின் அரைக்கதவு வரை போவேன், கதவுக்குக் கீழே அவருடைய சப்பாத்துக் கால்களைப் பார்ப்பேன், திரும்பி வருவேன். பெரிய கிராணியிடம் மெல்லச் சொல்லிப் பார்த்தேன். "நீ ஒண்ணும் சொல்லல. நான் ஒண்ணும் கேக்கல," என்று மூக்குப்பொடி டப்பாவைத் திறந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போய் அம்மாவிடம் புலம்பினேன். அவள் காலை நீட்டி உட்கார்ந்து எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"கூப்ட்டா குடும்பத்தோடதான்டா கூப்டணும். வேற எப்படிக் கூப்டுவே? நான் முறுக்கு சுட்டுத் தாரேன், பிள்ளைங்க வாயி அடைஞ்சிரும்." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "ஏன்டா, அப்ப நான் சாமான மூட்ட கட்டிறவா? கங்காணி நேத்தும் வந்து நின்னாரு."

பொறு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "கட்டும்மா," என்றேன்.

விருந்தன்று மதியம் முறுக்கு மண்ணெண்ணெய் டின்களில் நிறைந்து வந்து சேர்ந்தது. நான் கேட்டுக்கொண்டபடி ஆசிரியர் புந்தோங் கோயிலிலிருந்து பாய்கள் இரவல் வாங்கி அனுப்பியிருந்தார். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. கூட்டம் கூடினால் பாய் வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்த விஷயம். எல்லாவற்றையும் பங்களாவின் பின்பக்கம் சமையல்காரரின் அறையில் ஒளித்துவைத்தேன்.

முதலில் இங்கிலீஷ்காரர்கள் வந்தார்கள். பெரிய துரையும் வந்து உட்கார்ந்தார். அப்புறம் வாசலில் ரிக்‌ஷாக்களும் மாட்டுவண்டிகளும் நிற்கத் தொடங்கின. பட்டுப் புடவைகள், ரிப்பன் கட்டிய பிள்ளைகள், கைத்தடி ஊன்றிய சீனத் தாத்தா, மலாய்ப் பத்திரிகைக்காரரின் மனைவியும் மைத்துனிகளும். எல்லாரும் என்னைத் தேடிப் பிடித்து, "வந்துட்டோம் தம்பி," என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனார்கள். துரையின் கழுத்து சிவந்துகொண்டே வந்தது. என்னை ஓரமாக அழைத்து, இவர்களையெல்லாம் யார் அழைத்தது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"நான்தான் சார்," என்றேன்.

நாளைக் காலையில் என் அறைக்கு வா என்றார். அந்த நேரம் பார்த்து மழை பிடித்தது. கூடாரம் ஒழுகியது. அத்தனை பேரும் பங்களா வராந்தாவுக்குள் ஓடினார்கள். ஓடிப்போய்ப் பாய்களைக் கொண்டுவந்து விரித்தேன். பெண்களும் பிள்ளைகளும் உட்கார்ந்தார்கள். பெரிய துரைக்கு நிற்க இடமில்லாமல் அவரும் படியில் உட்கார்ந்தார். நித்தம் மழை கொட்டும் தைப்பிங்கில் இருப்பவருக்கு இது புதிதா என்ன? முறுக்கு டின் அவர் வரை போயிற்று. வெளியே போக வழியில்லாததால் எல்லா மொழிக்காரர்களும் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னால் மட்டும் எதையும் ரசிக்க முடியவில்லை. லயத்து வீட்டில் கட்டிவைத்திருக்கும் மூட்டைகளே கண்ணில் நின்றன.

காலையில் துரை என்னை வெகுநேரம் நிற்கவைத்தார். பிறகு, உன்னை வீட்டுக்கு அனுப்பத்தான் நினைத்தேன் என்றார். ஆனால் இத்தனை பத்திரிகைகளை ஒரே கூரைக்குக் கீழே எங்கும் பார்த்ததில்லை என்று பெரிய துரை போகும்போது சொல்லிவிட்டாராம். வேலை நிரந்தரம். உயிர் வந்தது எனக்கு. மேசையின் மேல் ஒரு சாவியை வைத்தார். கல்யாணமாகாதவர்களுக்கான வரிசையில் ஓர் அறை.

அம்மாவையும் தங்கையையும் அங்கே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். தனி ஆள் குவார்ட்டர்ஸில் குடும்பம் தங்கக்கூடாது, அது சட்டம் என்றார். "உன் வாய் குடும்பங்களை அழைத்தால் என்ன ஆகும் என்று நேற்றுப் பார்த்துவிட்டேன்," என்று சொல்லிச் சிரிக்கவும் செய்தார். எனக்குச் சாவியை எடுத்து அவர் மேல் எறிய வேண்டும் போலிருந்தது. நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

அம்மாவிடம் போய்ச் சொல்லத் தைரியமில்லை. கோயில் பாய்களைக் காயவைத்து, திருப்பிக் கொடுக்கப் புந்தோங்குக்குப் போனேன். முறுக்கு யார் சுட்டது என்று ஆசிரியர் மனைவி கேட்டார். அம்மா என்று சொல்ல வாயைத் திறந்தவன் அங்கேயே உடைந்து அழுதுவிட்டேன். முழங்கால், கங்காணி, சாவி என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் பின்னறையில் அடுக்கியிருந்த காகிதக் கட்டுகளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கணவனைப் பார்த்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உண்மையைச் சொல்லிவிடுவது என்று லயத்துக்குப் போனேன். வாசலில் அம்மாவும் தங்கையும் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள், மண் பாதையில் புடவைத் தலைப்பால் வெயிலை மறைத்துக்கொண்டு ஆசிரியர் மனைவி வந்தார். பின்னால் ஆசிரியர். அவர் மனைவியின் கையில் ஒரு தாம்பாளம். வாழைப்பழம், வெற்றிலை, கற்கண்டு. அப்பா போன பிறகு யாரும் அம்மா முன்னால் தட்டு நீட்டி அழைத்ததில்லை. சேதி சொல்லிவிட்டுப் போவார்கள், அவ்வளவுதான்.

"அக்கா, எங்க வீட்ல ஒரு ரூம்பு காலியா இருக்கு," என்றார் ஆசிரியர் மனைவி. "குடும்பத்தோட வந்துடணும்."

அம்மா எழுந்திருக்க முடியாமல் எழுந்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு தட்டை வாங்கினாள்.

"வீடு தேடி வந்திருக்கீங்க. நீங்க உக்காற பலகையக்கூட மூட்ட கட்டிட்டேனேம்மா," என்றாள்.

தட்டை என் கையில் கொடுத்துவிட்டு, அந்த முழங்காலோடு தரையில் குந்தி, கட்டிய மூட்டையை அவிழ்த்துப் பலகையை எடுத்துப் போட்டாள்.